யாருக்கும் யாருக்கும் சமாதானம்?

எங்க ஏழாயிரம்பண்ணைப் பக்கம் 'சமாதானக் கூட்டம்' என்ற சொல்லைக் கேட்டாலே சேரிக்காரனுக்கு வயித்தைக் கலக்கும். அடி வாங்கி முடிந்த பிறகுதான் அந்தக் கூட்டம் வரும்.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த நினைப்புதான் வந்தது. 1642இல் மன்னன் முதலாம் சார்லசுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. 1645 சனவரிக் கடைசியில் அக்ஸ்பிரிட்ஜ் என்ற ஊரில் இருதரப்புப் பிரதிநிதிகளும் கூடி இருபது நாள் பேசினார்கள். பேச்சு மூன்றே விசயம்: மதம், படை, அயர்லாந்து. ஒண்ணும் தேறவில்லை. பிஷப்புகளைக் கைவிட மன்னனுக்கு மனசில்லை. படையை அவன் கையில் விட்டால் தங்கள் தலை தப்பாது என்று பாராளுமன்றத்துக்குப் பயம். கடைசியில் 1649இல் மன்னன் தலைதான் போனது. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

என் கண் நின்ற இடம் வேறு. அயர்லாந்து அங்கே பேச்சுப்பொருள். ஐரிஷ்காரனுக்கோ நாற்காலி கிடையாது. கலகம் செய்த ஐரிஷ்காரர்களோடு 1643இல் மன்னன் செய்துகொண்ட போர்நிறுத்தத்தை ரத்து செய், அங்கே போரைத் தொடர் என்பது பாராளுமன்றத்தின் கோரிக்கை. சமாதானம் பேச வந்த இடத்தில் மூன்றாமவன் மேல் போர் கேட்கிறார்கள்! மக்களாட்சியின் தாய் என்று நமக்குச் சொல்லித்தந்த பாராளுமன்றம்தான் இது. மன்னன் மட்டும் யோக்கியனா என்று கேட்காதீர்கள். அவனுக்கு ஐரிஷ்காரன் தேவைப்பட்டது படைக்கு ஆள் சேர்க்க.

நம்ம ஆளுக்கு நாற்காலி கிடைத்த ஒரு சமாதானக் கூட்டமும் உண்டு. 1957 முதுகுளத்தூர் இடைத்தேர்தலுக்குப் பிறகு கலவரம். செப்டம்பர் 10 அன்று கலெக்டர் கூட்டிய கூட்டத்தில் முத்துராமலிங்கத் தேவர் இருந்தார். தேவேந்திரர் தரப்பில், பட்டாளத்திலிருந்து வந்த இமானுவேல் சேகரன் இருந்தார். வயது 32. எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடும் ஏற்பாடு நடக்கவில்லை. தனித்தனி அறிக்கை என்றுதான் முடிந்தது. மறுநாள் இரவு பரமக்குடியில் இமானுவேலை வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கில் தேவர் 1959இல் விடுதலையானார். தீர்ப்பைப் பற்றியதல்ல என் பேச்சு, நாற்காலியைப் பற்றியது. ஒரே தாளில் இரண்டு பேர் கீழும் மேலுமாகக் கையெழுத்துப் போடுவதில் அப்படி என்ன கஷ்டம்?

1997இல் நம்ம விருதுநகர் மாவட்டத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்ற தேவேந்திரர். அதே சண்டையில் நின்றதற்காக 1799இல் கம்பெனிக்காரன் பறித்த பாளையங்களில் எங்க ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. ஆனால் சுந்தரலிங்கம் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் கிளம்பின. கலவரம், கொலை. அரசு கண்ட சமாதானம் என்ன? எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. நடுநிலையாம்! மற்றவர்களுக்குப் பல பெயர்களில் ஒன்று போனது. எங்களுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான்.

அந்த வருசம் எங்க தெருக்காரர்களையும் ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அடிபட்டு, தலையில் தையலோடு என் சித்தப்பா சுவரோரம் நின்றார். எதிர்த்தரப்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. 'இருதரப்பும் இனி பிரச்சினை செய்ய மாட்டோம்' என்று எழுதிய தாளை நீட்டினார்கள்.

"நாங்க என்ன பிரச்சினை பண்ணோம்னு அதையும் இதுல எழுதுங்க சார்" என்றார் சித்தப்பா.

"நேரமாச்சுப்பா, போடு" என்றார் அதிகாரி.

சித்தப்பா ரொம்ப நேரம் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் போட்டார். விடிஞ்சா பட்டாசு ஆலை வண்டி வந்துவிடும். அந்த ஆலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தருடையது.