பாதை வகுத்த பாதங்கள்

பேராதனைக்கு வருவோர் பெரும்பாலும் பூந்தோட்டத்தைக் கண்டு களித்து, மகாவலியின் கரையில் சற்று இளைப்பாறித் திரும்பிவிடுகின்றனர். பல்கலைக்கழகத்தின் பின்னே நீலத் திரைபோல் எழுந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரை அண்ணாந்து பார்ப்பவர் பலர். அதன்மேல் நடந்து பார்ப்பவர் சிலரே. உயர்ந்த சிகரமும் நாலாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவானதே. ஞாயிற்றுக்கிழமையில் குழந்தைகளோடு உலாவி வருவதற்கு ஏற்ற பாதைகள் அங்கே பல உண்டு. ஆயினும் நடப்பவர், தாம் எதன்மீது நடக்கிறோம் என்பதையும் அறிந்து நடத்தல் நலம்.

இன்று பசுமை போர்த்திக் கிடக்கும் அம்மலையின் பெரும்பகுதி கன்னிக்காடு அன்று. ஒரு காலத்தில் பெருந்தொழில் நடந்த நிலம் அது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் திறந்தார். அதன்பின் கண்டியைச் சூழ்ந்த மலைகளெல்லாம் காடு வெட்டப்பட்டுக் கோப்பி மலைகளாயின. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் துருநோய் தோன்றியது. நோயுற்ற இலைகளைப் பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவர் துவெயிட்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பி ஆராயச் செய்தார். காரணம் தெரிந்தது, மருந்து கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

தேயிலையும் இம்மலைச்சரிவுகள் அனைத்திலும் நிலைக்கவில்லை. மண் கரைந்து விளைச்சல் குன்றிய இடங்கள் கைவிடப்பட்டன. அவ்விடங்களில் மானாப் புல் வளர்ந்தது. அரசாங்கம் பைனஸ் மரங்களை நட்டது. ஓடையோரங்களில் மட்டும் நாட்டு மரங்கள் மெல்லத் தலைதூக்கின. 2010ஆம் ஆண்டில் ஹந்தானை, தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

காடு திரும்புவது கண்டு மகிழ்கிறோம். ஆனால் அக்காட்டினூடே நாம் இத்துணை எளிதாக நடந்து செல்வது எவ்வாறு? மலை செங்குத்தாக இருப்பினும் பாதை மூச்சு முட்டாத சரிவில் வளைந்து வளைந்து ஏறுகிறது. மூட்டை சுமப்பவரும் கொழுந்துக் கூடையோடு நிறுவைக்குச் செல்பவரும் தளராமல் நடக்கவேண்டும் என்பதற்காகவே அந்தச் சரிவு கணக்கிட்டு வெட்டப்பட்டது. பாதையோரத்துக் கல்லணைகளையும், மழைநீர் மண்ணை அரிக்காமல் பக்கவாட்டில் வழிந்தோட வெட்டிய கான்களையும் புதருக்குள் இன்றும் காணலாம். இவற்றை வரைந்தவர் துரைமார்; வெட்டியவர் நம்மவர்.

அவர்கள் வந்த வழியும் நடைவழியே. தென்னிந்தியக் கிராமங்களை விட்டுக் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய ஆண்களும் பெண்களும் வன்னிக் காட்டினூடே மாத்தளை வரைக்கும் கால்நடையாகவே வந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையாகி வழியிலேயே வீழ்ந்தவர் தொகை பெரிது. எஞ்சியவர் இம்மலைகளை அடைந்து, லயங்களில் குடியேறி, தலைமுறை தலைமுறையாகப் பெரட்டுச் சத்தத்தில் கண்விழித்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பங்கிட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது, கண்டி, மாத்தளைப் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து வெளியேறின. அவர்கள் வெட்டிய பாதை இங்கே இருக்கிறது. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பழைய தொழில் நிலத்தைப் பூங்காவாக்குதல் இந்நாளில் உலகெங்கும் நடைபெறும் காரியம். ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரில் 1985இல் மூடப்பட்ட இரும்பாலையை இடித்துத் தள்ளாமல், 1994இல் அதனையே பொதுமக்கள் பூங்காவாகத் திறந்தார்கள். மரங்களுக்கிடையே பழைய ஊதுலைகள் அப்படியே நிற்கின்றன. அங்கே உழைத்த பாட்டன் தன் பேரனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, "நான் வேலை செய்த இடம் இது" என்று காட்டலாம். நம் மலையிலோ உலை இல்லை. கரைந்துபோன லயத்துச் சுவரும், கானும், பாதையுமே சாட்சி. சாட்சி சிறிதாயின், சொல்லும் வாய் வேண்டும்.

ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் வேலையற்றுக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று செப்பனிடப்பட்டு 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து தொடங்கும் 'பீக்கோ' நடைபாதை, பழைய தோட்டத்துப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, இருபத்திரண்டு கட்டங்களாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் மலைநாட்டைச் சுற்றிச் சென்று நுவரெலியாவில் முடிகிறது. முதற்கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கு. வெளிநாட்டார் பலர் விரும்பி வந்து நடக்கின்றனர். வரவேற்கத்தக்கதே. ஆனால் இப்பாதை வெறுங்காட்டினூடே மட்டும் செல்வதன்று. இன்றும் லயங்களில் வாழும் மக்களின் வாசலைத் தொட்டுச் செல்கிறது. பாதையால் வரும் ஊதியத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு சேரவேண்டும்: வழிகாட்டும் வேலை அத்தோட்டத்து இளைஞருக்குக் கிடைக்கட்டும், தேநீரும் ரொட்டியும் அத்தோட்டத்துப் பெண்கள் விற்கட்டும். வழிப்பலகைகளிலே பாதையை வெட்டியவர் யார் என்பதும் தமிழிலே எழுதப்படட்டும். காட்டைக் காக்கும் பணியில் அவர்களையே முதற்காவலராக்குவதும் அறிவுடைமையாகும்.

நடக்கப் புறப்படுவோர்க்குச் சில சொல்வோம். காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். பிற்பகலில் மூடுபனியும் மழையும் விரைந்து வரும். மழைக்காலத்தில் அட்டை மிகுதி. நீண்ட காலுறை அணிவது உதவும். வெட்டிய பாதையை விட்டுக் குறுக்கே இறங்காதீர்கள். ஒருவர் மிதித்த குறுக்குவழி அடுத்த மழையில் ஓடையாகி மண்ணை அரித்துவிடும். வறட்சியான மாதங்களில் மானாப் புல்லும் பைனஸ் சருகும் ஒரு தீக்குச்சிக்குக் காத்திருப்பவை. அங்கே அடுப்பு மூட்டுதலும் புகைத்தலும் கூடவே கூடா. லயத்தருகே செல்லும்போது, கேளாமல் எவரையும் படம் பிடிக்காதீர்கள். அது அவர்கள் வீட்டு வாசல்.

தோட்டத்தில் உழைத்த பாட்டியோ பெரியம்மாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். மலையேற இயலாவிடினும் நூதனசாலை வரை வாகனம் செல்லும். கவ்வாத்து வெட்டுவது எப்படி, கொழுந்து நிறுக்கையில் கணக்கப்பிள்ளை எத்தனை இறாத்தல் கழித்தார் என்பதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத்தக்க பொருள்களல்ல; அவர்கள் நாவில்தான் உள்ளன. பேரப்பிள்ளைகள் அருகிலிருந்து கேட்கட்டும்.