நிறுத்தும் வழியையும் எழுதிக் கொடுங்கள்: தூக்க மாத்திரை குறித்த கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்.

அனுப்புவோர்: மருத்துவர் எழுதிக் கொடுத்தபடியே தூக்க மாத்திரையோ டென்ஷன் மாத்திரையோ சாப்பிட்டு, நிறுத்தும்போது அவதிப்பட்டவர்கள், அந்த இரவுகளில் கூடவே விழித்திருந்த வீட்டார், மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துவரும் சில மருந்தாளுநர்கள்.

கோரிக்கைக்குள் போகுமுன் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது. சிலருக்கு வலிப்புகூட வரும். எழுதிக் கொடுத்த மருத்துவரைப் பார்க்காமல் அளவில் கை வைக்காதீர்கள்.

நாங்கள் பேசுவது அல்பிராசோலம், குளோனாசிபம், லோராசிபம், டயசிபம் போன்ற பென்சோடயசிபீன் குடும்பத்தையும், அதன் பங்காளிகளான எடிசோலம், சோல்பிடத்தையும் பற்றி. இவை கெட்ட மருந்துகள் என்று நாங்கள் சொல்லவில்லை. நிற்காத வலிப்பை நிறுத்துபவை இவைதாம். குடியை விடுகிறவரின் உயிரைக் காப்பாற்றுவதும் இவற்றில் ஒன்றுதான். ஒரு சாவு, ஒரு விபத்து, ஓர் அறுவை சிகிச்சை என்று வரும்போது நாலு ராத்திரி தூங்கவைக்க இவற்றுக்கு இணையில்லை. எங்கள் வழக்கு ஐந்தாவது ராத்திரியில் தொடங்குகிறது.

எங்களில் ஒருவர் கதை இது. கணவர் போன துக்கத்தில் தூக்கம் பிடிக்காமல் கிடந்தவருக்கு அல்பிராசோலம் 0.25, இரவு ஒன்று என்று எழுதித் தந்தார்கள். சீட்டில் ‘0-0-1’ என்று இருந்தது. எத்தனை நாள் என்பது இல்லை. கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பியதும், இனி எதற்கு மாத்திரை என்று அவராகவே விட்டுவிட்டார். மறுநாள் இரவு கண் மூடவில்லை. அதற்கடுத்த நாள் குக்கர் விசில் காதில் அறைவதுபோல் கேட்டது. டியூப்லைட் வெளிச்சம் கூசியது. உள்ளங்கை வேர்த்து, டம்ளர் பிடிக்கக் கை நடுங்கியது. நெஞ்சு படபடத்ததால் ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. “மாமாவையே நெனச்சுக்கிட்டு இருந்தா இப்படித்தான் ஆகும்க்கா” என்றார் தங்கை. “பழைய பதற்றம் திரும்பிடுச்சு” என்றார் மருத்துவர். அளவு இரட்டிப்பானது. அன்றிரவு நன்றாகத் தூங்கினார். அதனால் மருத்துவர் சொன்னதே சரி என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். மூளையில் கேபா என்ற ரசாயனம் நரம்புகளின் துடிப்பை அடக்கி வைக்கிறது. இந்த மாத்திரைகள் அதன் வேலையைப் பெருக்குகின்றன. வெளியிலிருந்து அமைதி வந்துகொண்டே இருந்தால், அதற்கேற்ப மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப அதற்கு அவகாசம் வேண்டும். அதுவரை தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, குமட்டல், சதைத் துடிப்பு, காதில் இரைச்சல், ஒலியும் ஒளியும் தாங்காமை, சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லை என்ற மிரட்சி. அல்பிராசோலம்போல உடலைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்தென்றால் ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும். டயசிபம்போல மெதுவாக வெளியேறும் மருந்தென்றால் ஒரு வாரம் கழித்தும் வரும். அதற்குள் மாத்திரையை நிறுத்தியதே பலருக்கு மறந்துபோகிறது.

“பதினஞ்சு நாள் மாத்திரைக்கா இந்தப் பாடு?” எங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. எல்லோருக்கும் இந்தப் பாடு வருவதில்லை என்பது உண்மை. குறுகிய காலம் சாப்பிட்டுச் சுகமாக விட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் பென்சோடயசிபீன் மருந்துகள் அனைத்தின் கட்டமிட்ட எச்சரிக்கையையும் திருத்தியபோது, மருத்துவர் சொன்னபடியே எடுத்தாலும், விடாமல் எடுத்தால் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் உடல் அவற்றைச் சார்ந்துபோகக்கூடும் என்று எழுதியது. கவனியுங்கள், வருடங்கள் என்று எழுதவில்லை.

இது புதுச் செய்தியும் அல்ல. முதல் பென்சோடயசிபீனான குளோர்டயசிபாக்சைடு 1960இல் சந்தைக்கு வந்தது. மறு வருடமே லியோ ஹாலிஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவர், மிக அதிக அளவில் அதைக் கொடுத்துத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகிறது என்று பதிவுசெய்துவிட்டார். அதிக அளவுக்குத்தானே என்று உலகம் ஆறுதல் பட்டுக்கொண்டது. 1981இல் லண்டனில் பெதுர்சனும் மால்கம் லேடரும், வழக்கமான அளவில் நீண்டகாலம் எடுத்தவர்களுக்கும் நிறுத்தும்போது இந்த விலகல் அறிகுறிகள் வருவதைக் காட்டினார்கள். நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 12 ஆண்டுகள், இந்த மாத்திரைகளை விட முயல்கிறவர்களுக்காகவே ஒரு கிளினிக் நடத்தினார். நோயாளிகள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். 1988 ஜனவரியில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் எழுதாதீர்கள் என்றது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் நம்மூர்ச் சீட்டுகளில் ‘0-0-1’க்குப் பக்கத்தில் ஒரு தேதியைப் பார்ப்பது அரிதாக இருக்கிறது.

எனவே கோருகிறோம்.

1. தொடங்கும் சீட்டிலேயே முடியும் தேதி வேண்டும். எதற்காக, எத்தனை நாள், எப்போது திரும்ப வந்து காட்ட வேண்டும், எப்படிக் குறைத்து நிறுத்த வேண்டும் ஆகிய நான்கும் இல்லாத தூக்க மாத்திரைச் சீட்டை அரைகுறைச் சீட்டாகக் கருத வேண்டும். பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, சார்ந்திருத்தல், விலகல் பற்றி மருந்தைத் தொடங்குமுன்பே நோயாளியிடம் பேசச் சொல்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் தாளுக்கும் இது பொருந்த வேண்டும். வார்டில் தூங்குவதற்காகக் கொடுத்த மாத்திரை, வேறு ஆறேழு மாத்திரைகளுக்கு நடுவே அந்தத் தாளில் ஏறி, வீட்டுக்கு வந்து நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. ‘தேவைப்பட்டால்’ என்று எழுதுகிற வழக்கத்தையும் கைவிடுங்கள். தூக்கம் வராதவருக்குத் தினமும்தான் தேவைப்படும்.

2. அச்சடித்த கால் தாள், தமிழில். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் இருக்கும் எச்சரிக்கை, வாங்குகிற பெரும்பாலோருக்குப் பயன்படாது. அது படிக்க முடிந்தவருக்கும் விலகல் அறிகுறி பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. திடீரென நிறுத்தாதீர்கள்; மதுவோடோ ஓபியாய்டு வகை வலிமாத்திரையோடோ சேர்க்காதீர்கள், மூச்சு அடங்கும்; நிறுத்தும்போது இன்னின்ன தொல்லை வரலாம்; வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இவ்வளவுதான். மருந்துக் கவரின் பின்பக்கமே போதும்.

3. சொன்னால் நம்புங்கள், நம்பியதைப் பதிவு செய்யுங்கள். பழைய நோய் திரும்பியதா, மருந்து விலகியதால் வந்ததா என்று பிரித்தறியச் சில கேள்விகள் உதவும். மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள், எப்போது குறைத்தீர்கள்? இந்தத் தொல்லை முன்பு எப்போதாவது இருந்ததா? காது இரைச்சலும் ஒளிக்கூச்சமும் சதைத் துடிப்பும் புதிதாக வந்திருந்தால், அதைத் துக்கத்தின் கணக்கில் எழுதாதீர்கள். முதன்முறை வலிப்பு வந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், அண்மையில் எந்த மாத்திரையை நிறுத்தினார் என்று கேட்பதை விதியாக்குங்கள். கண்டறிந்ததை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். 1800-180-3024 என்ற அதன் கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் தரலாம். அப்படி ஓர் எண் இருப்பதை ஒவ்வொரு புறநோயாளிப் பிரிவிலும் எழுதி வையுங்கள்.

4. கெடுபிடி செய்யுங்கள், ஆனால் நடுவழியில் இறக்கிவிடாதீர்கள். அல்பிராசோலம், டயசிபம், நைட்ரசிபம், சோல்பிடம் முதலியவை 2014 மார்ச் 1 முதல் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. விற்கிற கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இந்த விதியை நாங்கள் ஆதரிக்கிறோம். சீட்டே இல்லாமல் அட்டை அட்டையாக விற்றதால் சிக்கியவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம். ஆனால் ரெய்டு என்ற பேச்சு எழுந்தவுடன் என்ன நடக்கிறது? கடைக்காரர் வம்பே வேண்டாமென்று அந்த மருந்தை வாங்கி வைப்பதையே நிறுத்துகிறார். முறையான சீட்டோடு, மருத்துவர் சொன்னபடி குறைத்துக்கொண்டு வருகிறவரும் கடை கடையாக ஏறி இறங்குகிறார். வெள்ளிக்கிழமை மாலை மாத்திரை தீர்ந்தால் திங்கள்வரை அவர் கதி என்ன? ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் அரசு மருத்துவமனையாவது, பழைய சீட்டையும் நோயாளியையும் பார்த்துச் சில நாள் மருந்தைக் கொடுத்து அடுத்த மருத்துவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். சோதனைக்குப் போகிற மருந்து ஆய்வாளருக்கு இந்த ஏற்பாடு எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

5. குறைப்பதற்கேற்ற மருந்து வேண்டும். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம், ஏனென்றால் ஆலோசனை சொல்கிறவர்கள் பலர் மாத்திரையை வெட்டிப் பார்த்ததில்லை. உடல் சார்ந்துபோனவர்களுக்காக அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. பொதுவாக இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் கையில் இருப்பது 0.25 மில்லிகிராம் மாத்திரை. காய் நறுக்கும் கத்தியால் பாதியாக்கினால் ஒரே நாளில் 50 சதவீதம் குறைந்துவிடுகிறது. கால் ஆக்கப் பார்த்தால் பொடியாகிறது. விரல் நுனியில் ஒட்டியது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? பிரிட்டனில் டயசிபம் திரவமாகக் கிடைக்கிறது. மருத்துவப் பணிகள் கழகம் மிகச் சிறிய அளவு மாத்திரைகளையும் திரவ வடிவையும் கொள்முதல் செய்து, குறைக்கும் சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் தர வேண்டும்.

இதைவிடச் சிக்கல் கலப்பு மாத்திரை. எஸ்சிட்டலோபிராம் 10, குளோனாசிபம் 0.5 இரண்டும் ஒரே வில்லையில் விற்கின்றன. முதலாவது பல மாதம் எடுக்க வேண்டிய மனச்சோர்வு மருந்து. இரண்டாவது சில வாரத்தில் நிறுத்த வேண்டியது. ஒரே வில்லையில் இருப்பதை ஒன்றை விட்டு ஒன்றை எப்படி நிறுத்துவது? பாதியாக வெட்டினால் சிகிச்சையும் பாதியாகிறது. இரண்டையும் ஒன்றாக விட்டால், எதனால் எந்தத் தொல்லை என்று மருத்துவராலேயே சொல்ல முடியாது. விற்பதற்குச் சௌகரியம் என்பதைத் தவிர இந்தக் கலவைக்கு எங்களுக்கு நியாயம் தெரியவில்லை. மத்திய அரசு 2018இல் 328 கலப்பு மருந்துகளைத் தடைசெய்தது; அந்த அதிகாரம் அதற்கு இருக்கிறது. இவற்றையும் ஆய்வுக்கு உட்படுத்துமாறு மாநில அரசு எழுத வேண்டும். அதுவரை அரசு மருத்துவர்கள் இரண்டையும் தனித்தனியாகவே எழுதட்டும்.

6. தூக்கத்துக்கு மாத்திரை அல்லாத சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. மாவட்ட மனநலத் திட்டத்தில் இதைத் தமிழில் கற்பிக்க ஆள் வேண்டும். மனநல உதவிக்கான 14416 எண்ணில் பேசும் ஆலோசகர்களுக்கு விலகல் அறிகுறிகள் பற்றித் தனிப் பயிற்சி வேண்டும்.

7. வீடு தேடி வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்கள், “ராத்திரி வேற என்ன மாத்திரை போடுறீங்க பாட்டி?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனால் போதும். முதியோர் இரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் இந்த மாத்திரைகளுக்கும் பங்குண்டு.

8. எங்களைப் போதை ஆசாமிகள் என்று எழுதாதீர்கள். இது பத்திரிகைகளுக்கும் காவல்துறைக்கும். நாங்கள் திருடவில்லை, அளவை மீறவில்லை. சீட்டில் இருந்ததைச் சாப்பிட்டோம். உடல் பழகிப்போவது வேறு, போதை தேடுவது வேறு. போதைக்குச் சிக்கியவருக்கும் சிகிச்சைதான் தேவை என்பது எங்கள் கருத்து. ஆனால் எங்களை அந்தப் பெயரில் அழைத்தால், குறைக்க உதவி கேட்டு மருத்துவரிடம் போகவே கூச்சப்படுகிறோம்.

முதல் மூன்று கோரிக்கைகளுக்குப் புதுச் சட்டமோ பெரிய நிதியோ வேண்டாம். மக்கள் நல்வாழ்வுத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை மூன்று மாதத்துக்குள் எதிர்பார்க்கிறோம். மற்றவற்றுக்கு மனநல மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், இந்த மாத்திரைகளை விட்டுக் கரையேறியவர்கள் அடங்கிய குழு அமைத்து ஓராண்டுக்குள் நடைமுறைப்படுத்துங்கள்.

இதில் கையெழுத்திட முன்வரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். சிவப்பு எழுத்தில் ஆர்எக்ஸ் அல்லது என்ஆர்எக்ஸ் என்று அச்சிட்ட தூக்க மாத்திரை அட்டை இருந்தால், அது யாருக்காக, எந்த மாதம் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். தூக்கி எறியாதீர்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அட்டையையும் சீட்டையும் எடுத்துப்போய், “டாக்டர், இதை எப்படி நிறுத்துறது? எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள்.