நடவுக்கு முன்னால் இரண்டு காலைப்பொழுது

வீடும் கொல்லையும் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. வீட்டைச் சுற்றி 20 சென்ட் கொல்லை. ஏழு தென்னை, இரண்டு முருங்கை, ஒரு கறவை மாடு, மூன்று ஆடு, பத்துப் பன்னிரண்டு கோழி இருக்கின்றன. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் கொல்லையைச் சரிசெய்வது நான் ஒருத்திதான். வீட்டுக்காரரைக் கூப்பிட்டால், ‘சம்பா நடவு முடியட்டும், பார்க்கலாம்’ என்பார். நடவு முடியும்போது மழை பிடித்துக்கொள்ளும். மறுபடி கேட்டால், ‘கொல்லை வேலை எல்லாம் ஒரு வேலையா?’ என்று சண்டைதான் வருகிறது. எதை நான் தனியாகச் செய்யலாம், எதற்கு அவர் கட்டாயம் வரவேண்டும்?

– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை வட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று வேலையைப் பற்றியது. இன்னொன்று, அந்த வேலைக்கு வீட்டில் இருக்கும் மதிப்பைப் பற்றியது. முதலில் வேலையைப் பார்ப்போம்.

நாள் எப்போது கிடைக்கும்?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதாவது ஐப்பசி பிறந்த கையோடு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. புயலும் இந்த மாதங்களில்தான். உங்கள் பகுதிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16-ல், ஐப்பசிக் கடைசியில்தான் கரையைக் கடந்தது.

ஆகவே ‘நடவு முடிந்ததும்’ என்பது கொல்லைக்குப் பொருந்தாத தேதி. அதே நேரம் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடவு நாளில் ஆள் பார்ப்பது, நாற்றுக்கட்டு சுமப்பது, தண்ணீர் கட்டுவது என்று மனிதருக்கு இடுப்பு ஒடிந்துபோகும். அன்று வந்து கொல்லையைப் பாருங்கள் என்றால் யாருக்கும் கோபம்தான் வரும்.

வழி இடையில் இருக்கிறது. நாற்றுவிட்டதற்கும் நாற்றுப் பறிப்பதற்கும் நடுவில், ரகத்தைப் பொறுத்து 25 முதல் 35 நாட்கள் கிடைக்கும். உழவு, வரப்பு வெட்டு எல்லாம் அந்த நாட்களில் இருந்தாலும், தினமும் முழுநாள் வேலை இருக்காது. அதில் இரண்டே இரண்டு காலைப்பொழுதைக் கேளுங்கள். ‘எப்போதாவது வாருங்கள்’ என்று கேட்காமல், ‘வருகிற வியாழன் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை’ என்று கேளுங்கள். ஏற்கெனவே நாற்று பறிக்கிற நிலையில் இருந்தால், ஆள் வருவதற்கு முந்தின இரண்டு காலையாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பேர் இல்லாமல் செய்யக் கூடாதவை

முதலாவது, வைக்கோல் போரும் விறகும். கொல்லையில் உயிருக்கு ஆபத்தான வேலை இதுதான். போருக்கும் மட்டைக் குவியலுக்கும் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மழை தொடங்கிப் பொந்துகளில் தண்ணீர் ஏறினால், உலர்ந்த இடம் தேடி வீட்டுப்பக்கம் வந்துவிடும். பகல் வெளிச்சத்தில், காலில் செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒருவர் கோலால் தட்டிப் புரட்ட வேண்டும், மற்றவர் தள்ளி நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடியில் கையை விட்டு எடுக்காதீர்கள். விறகையும் மட்டையையும் சுவரை ஒட்டி அடுக்காமல், தள்ளி, கல் வைத்துத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடுக்குங்கள்.

தப்பித்தவறி கடித்துவிட்டால், கடிவாயைக் கீற வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிகூட இருக்காது. இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் அது அதிகம் கடிக்கும். மழைக்காலத்தில் கட்டிலில், கொசுவலை கட்டிப் படுப்பது நல்லது.

இரண்டாவது, மரங்கள். கூரைக்கு மேல் தொங்கும் முற்றிய குலைகளையும், காய்ந்த மட்டைகளையும் மழைக்கு முன்னால் இறக்கிவிடுங்கள். காற்றடிக்கும்போது பாரம் குறைந்திருந்தால் மரத்துக்கும் நல்லது. மரம் ஏறுபவர் வரும் நாளில் இருவரும் வீட்டில் இருங்கள். ஒருவர் கீழே ஆடு, பிள்ளைகள் வராமல் பார்க்க வேண்டும். ஏறியவரிடமே ஒரு வேலை சேர்த்துச் சொல்லலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் போடச் சொல்லுங்கள். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைவது குறையும்.

முருங்கை மென்மரம். காற்றுக்கு முதலில் முறிவது அதுதான். கூரைமேல் சாய்ந்த நீளக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். உங்களுடையது நாட்டு முருங்கையாக இருந்தால், வெட்டிய கிளையில் நல்ல போத்தாக மூன்று, நான்கு அடிக்குப் பார்த்து மேட்டுப்பாங்கான இடத்தில் ஊன்றலாம்.

மின்கம்பிக்கு அருகில் போன கிளையை நீங்களும் தொட வேண்டாம், அவரும் தொட வேண்டாம். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும். கம்பி போகும் பக்கம் துறட்டி போடவே கூடாது. இரும்புக் குழாயும் ஈரமான மூங்கிலும் ஆளை முடித்துவிடும்.

மூன்றாவது, கொட்டகைக் கூரை. கீற்று மாற்ற ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இதைத் தனியாகச் செய்து விழுந்து இடுப்பு முறிந்தால், ஆஸ்பத்திரிச் செலவு அந்த வருஷத்துச் சம்பா லாபத்தைத் தின்றுவிடும்.

நான்காவது, வடிகால். வீட்டுச் சுவரிலிருந்து தண்ணீர் விலகிப் போகும்படி வாய்க்கால் எடுத்து, பொது வடிகாலில் சேருங்கள். பக்கத்து வீட்டுக் கொல்லைக்குத் திருப்பிவிட்டால், அது இன்னொரு சண்டைக்கு வித்து. முருங்கை, பப்பாளி இரண்டுக்கும் அடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். தூரில் மண் அணைத்து மேடாக்குங்கள்.

ஒருவரே செய்யக்கூடியவை

ஆட்டுக்கு மழைக்கு முன் குடற்புழு மருந்தும், துள்ளுமாரித் தடுப்பூசியும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். மழைக்குப் பிறகு முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால்தான் துள்ளுமாரி வரும். ஊசி போட்ட பிறகு எதிர்ப்பு சக்தி உண்டாக இரண்டு வாரம் போல ஆகும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

எருக்குழியைக் கிளறும்போது கோழிகளை அவிழ்த்துவிடுங்கள். வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் வண்டுப் புழுக்களை அவையே பொறுக்கித் தின்னும். நாளைக்குத் தென்னங்குருத்தைத் துளைக்கும் வண்டு இந்தப் புழுதான். கிளறி முடித்ததும் குழியைச் சுற்றிக் கரை கட்டி, மேலே மட்டை போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் சத்தெல்லாம் மழையோடு போய்விடும்.

தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைந்த பானை, முற்றத்தில் கிடக்கும் ஆட்டுக்கல் ஆகியவற்றில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு நாள் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை என்று பழக்கிவிட்டால் போதும்.

இனி இரண்டாவது கேள்வி

‘கொல்லை வேலை எல்லாம் ஒரு வேலையா?’ என்ற பேச்சுக்குச் சண்டை போட்டு விடை சொல்ல முடியாது. ஒரு நோட்டில் எழுதிக் காட்டலாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நாளுக்கு நான்கு நாட்டுக்கோழி முட்டை, ஒன்று 10 ரூபாய் என்றால் மாதம் 1,200 ரூபாய். வீட்டுக்கென்று நிறுத்திக்கொள்ளும் பால் நாளுக்கு ஒரு லிட்டர், 40 ரூபாய் என்றால் அது இன்னொரு 1,200. ஏழு தென்னையில் மரத்துக்கு வருஷம் 80 காய் என்றால் 560 காய். காய் 15 ரூபாய் என்று வைத்தால் 8,400 ரூபாய், மாதத்துக்கு 700. மூன்றும் சேர்ந்து மாதம் 3,100, வருஷத்துக்கு 37,200 ரூபாய். மாட்டுத் தீவனச் செலவை இதில் கழிக்க வேண்டும். அதே போல ஊற்றுகிற பால், முருங்கை, கீரை, கறிவேப்பிலை, தீபாவளிக்கு விற்கும் கிடா எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

இந்தப் பணம் ஒரே நாளில் கட்டாகக் கைக்கு வருவதில்லை. நெல் பணம் போல மூட்டையாகத் தெரியாது. அதனால்தான் வேலையாகத் தோன்றுவதில்லை. மூன்று மாதம் எழுதிவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, இருவரும் சேர்ந்து கூட்டிப்பாருங்கள். குற்றம் சாட்டுகிற தொனியில் வேண்டாம். வயல் செலவையும் வரவையும் அவர் அதே நோட்டில் எழுதட்டும். வீட்டுக்கு இரண்டு வருமானம் இருக்கிறது என்பது அப்போது இருவர் கண்ணுக்கும் தெரியும்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், கூலியில்லாத வீட்டு வேலையை அன்றாடம் செய்பவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர்தான். அப்படிச் செய்யும் பெண் நாளுக்கு 299 நிமிடம் செய்கிறாள். அது ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. செய்யும் ஆண் 97 நிமிடம் செய்கிறார். இந்த 299 நிமிடத்தோடு நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிற பெண்ணிடம், மழைக்கு முந்தின கொல்லை வேலை முழுவதையும் ஏற்றுவது நியாயமில்லை.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு காலைப்பொழுது கொல்லையில் நின்று பாருங்கள். எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, எந்த ஆடு சினை, எந்தத் தென்னையில் குருத்து வாடுகிறது என்பது உங்கள் மனைவிக்குத் தெரியும். அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் அது வேறு யாருக்கும் தெரியாமல் போகும். வயல் கணக்கு அவருக்கும், கொல்லைக் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் படுத்தாலும் குடும்பம் படுக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

கேள்வி: மனைவிக்கு முழங்கால் வலி. குனிந்து கொல்லை பெருக்க முடியவில்லை. புளி, வேம்பு, மா இலைகள் குவிந்துவிட்டன. மொத்தமாகக் கூட்டிக் கொளுத்திவிடலாமா?

– ஒரு வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: கொளுத்த வேண்டாம். புகை அடுப்படிக்கும் நெஞ்சுக்கும்தான் போகும். இலையின் சத்தும் மண்ணுக்குக் கிடைக்காது. கொல்லை முழுவதையும் சுத்தமாகப் பெருக்கவேண்டும் என்பதும் இல்லை. வாசல், புழங்கும் பாதை, கிணற்றடி, கழிப்பறைப் பாதை ஆகியவை மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். மற்ற இடத்து இலையை மரத்தடிக்குத் தள்ளி, தூரை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு, நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் போட்டுவிடுங்கள். மழை ஈரத்தில் மட்கிவிடும். மீதியை ஒரு படுகை இலை, மேலே கொஞ்சம் சாணிக் கரைசல் என்று அடுக்கி நிழலில் குவியுங்கள். மழைநீர் தேங்காத மேட்டில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை புரட்டினால், சித்திரை, வைகாசியில் எருவாகிவிடும்.

முழங்காலுக்கு: ஈர்க்குமாறை நெஞ்சளவு கம்பில் கட்டிக்கொண்டால் நின்றபடியே பெருக்கலாம். அந்தக் கம்பை நீங்களும் பிடிக்கலாம். குப்பைக் குவியலை வீட்டுக்கு அருகில் மாற்றினால் கூடை சுமக்கும் தூரம் குறையும். வலி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, முழங்கால் வீங்கினாலோ, தைலத்தோடு நிறுத்தாமல் அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அறுவடை முடியட்டும் என்று அதையும் தள்ளிவைக்க வேண்டாம்.