பூனைக் கண்ணும் பாற்சோறும்

பூனையையும் பாலையும் பிரித்து நினைப்பது நம்மவர்க்கு அரிது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூசையைக் கம்பர் தம் அவையடக்கத்திலே தமக்கு உவமையாக்கினார். பூனைக்கு உணவு பால் என்பது நம் வீடுகளிலே ஒரு சித்தாந்தம். சைவ வீடுகளிலே பாலோடு சோறுஞ் சேரும். பூனையும் மறுக்காது உண்ணும். உண்டபின் அடுப்படியிலே சுருண்டு கிடக்கும். அதைக் கண்டு வீட்டார் மனம் நிறையும். இந்த மனநிறைவு சற்றே ஆராயத்தக்கது.

அண்மையிலே பழைய மாணாக்கர் ஒருவர் தம் வீட்டுப் பூனையைப்பற்றிப் பேசினார். அவர் கொழும்பிலே மாடிவீடொன்றிற் குடியிருப்பவர். "ஐயா, எங்கள் பூனையின் கண் இப்போது முந்தியிலும் வடிவு. பகலிலும் கண்மணி பெரிதாய் விரிந்திருக்கிறது. இரவிலே வெளிச்சம் பட்டால் மரகதம் போலே எரிகிறது" என்றார். பின்பு பேச்சோடு பேச்சாக, "இப்போது கதிரைக் காலிலே முட்டிக்கொள்கிறது, வயது போகுதாக்கும்" என்றார். குட்டியாய் வந்த நாள்முதல் அப்பூனை உண்டது பாற்சோறுந் தயிர்ச்சோறுமே. வாயிலைத் தாண்டி அது அறியாது. கண்ணின் வடிவு, கதிரையில் முட்டல், பாற்சோறு என்னும் மூன்றையும் அவர் தனித்தனிச் செய்தியாகவே சொன்னார். மூன்றும் ஒரே செய்தி.

நோயற்ற பூனையின் கண்மணி நடுப்பகல் வெளிச்சத்திலே நூலிழைபோல ஒடுங்கும். இருளிலே வட்டமாக விரியும். கண்ணின் உட்புறத்தே, விழித்திரையின் பின்னே, ஒளியை மீளச் செலுத்தும் படலம் ஒன்றுண்டு. இரவிலே பூனைக்கண் ஒளிர்வது அதனாலேயாம். விழித்திரை நைந்து மெலியுமாயின் ஒளி தடையின்றி அப்படலத்தைச் சேர்ந்து மீளும். அப்போது கண் முன்னையிலும் மிகுதியாக ஒளிரும். ஒளியை உணரும் ஆற்றல் குன்றியமையாற் கண்மணியும் ஒடுங்காது. வடிவென்று நாம் வியப்பது பார்வை போகின்ற குறியாதலும் உண்டு.

பூனைக்கண்ணின் மாற்றங்கள் பல. குட்டியின் நீலக்கண் சில கிழமைகளிலே நிறம் மாறுதல் இயல்பு. முதிய பூனையின் கண்ணிலே மெல்லிய நீலச்சாயல் தோன்றுதலும் பெரும்பாலும் மூப்பின் இயல்பே. ஒரு கண்மணி பெரிதும் மற்றையது சிறிதுமாதல், மூக்கையொட்டிய மூன்றாம் இமை வெளியே தெரிந்து நிற்றல், நிறவளையத்திலே கரும்புள்ளி தோன்றிப் பரத்தல், கண் வெளுத்தல் என்பன இயல்பல்ல. முதிய பூனையின் கண்மணிகள் திடீரென விரிந்தபடி நின்று, அது சுவரிலே முட்டுமாயின், குருதியமுக்கம் மிக்கு விழித்திரை கழன்றிருத்தல் கூடும். அதற்கு அன்றைக்கே வைத்தியம் வேண்டும். வீட்டிலே எஞ்சிக் கிடக்கும் மனிதர்க்குரிய கண்மருந்தைப் பூனைக்கு விடுதல் தகாது. கண்ணிலே புண்ணிருப்பின் அத்தகைய மருந்துட் சில அப்புண்ணை மேலும் ஆழமாக்கும்.

இனி, நம் சைவ வீடுகளோடு நெருங்கிய காரணத்துக்கு வருவோம். ஜெர்மானிய அறிஞர்களாகிய தீடெமான், கிமெலின் என்னும் இருவர் 1827ஆம் ஆண்டில் எருதின் பித்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாக அது 'டோரின்' எனப் பெயர் பெற்றது. நாய் முதலிய பல விலங்குகள் அதனைத் தம் உடலிலேயே போதிய அளவு ஆக்கிக்கொள்வன. பூனை ஆக்குவதோ மிகச் சிறிது. பித்தத்தின் வழியே இழப்பது மிகுதி. ஆதலின் உணவிலிருந்தே அதனைப் பெறல்வேண்டும். இறைச்சியிலும் மீனிலும் அஃது உண்டு. சோற்றிலே இல்லை. பசுப்பாலிலே மிகக் குறைவு.

1975ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளராகிய ஹேய்ஸ் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும், டோரின் இன்மையாற் பூனையின் விழித்திரை அழிதலை வெளியிட்டனர். அப்பூனைகளுக்கு அவர்கள் ஊட்டிய புரதம் யாது? பாலின் புரதமாகிய கேசீன். பாலைப்பற்றிய நம் சித்தாந்தம் அங்கே கண்கூடாக மறுக்கப்பட்டது. அதே குறைவு பூனையின் இருதயத்தையும் தளர்த்தும் என்பது 1987இல் வெளியாயிற்று.

மாணாக்கரின் பூனையை மிருக வைத்தியர் பார்த்தார். நோய் விழித்திரையிலே என்றார். உணவை மாற்றினால் எஞ்சிய பார்வை காக்கப்படும், போன பார்வை மீளாது என்றார். குறிகள் வெளியே புலப்படுமுன்னரே அழிவு நெடுந்தூரம் சென்றுவிடும் என்பதே இந்நோயின் கொடுமை.

"எங்கள் பாட்டியார் வளர்த்த பூனைகளும் பாற்சோறுதானே உண்டன? அவை குருடாகவில்லையே" என்பார் உளர். அப்பூனைகளுக்கு வளவு இருந்தது, வைக்கோற்போர் இருந்தது, எலி இருந்தது. பாட்டியார் இட்டது பாற்சோறு. பூனை தானே தேடிக்கொண்டது டோரின். மாடிவீட்டின் கதவைச் சாத்தி எலியையும் ஒழித்தபின் பாற்சோறு மாத்திரம் எஞ்சியது.

"சைவ வீட்டுக்குள் மீனைக் கொண்டுவரலாமா?" என்பது அடுத்த வினா. இது மதிக்கத்தக்க வினா. ஆயினும் நோன்பு யாருடையது என்பதை முதலிலே துணிதல் வேண்டும். வெருகின் இளமைப்பெயர் குட்டி என்றும் பறழ் என்றும் விதித்த தொல்காப்பியர், அதே மரபியலிலே விலங்குக்கு ஐயறிவும் மக்களுக்கு மனத்தோடு ஆறறிவும் வகுத்தார். நோன்பு மனத்தாற் கொள்வது. புலால் உண்ணேன் என்று பூனை சங்கற்பஞ் செய்துகொண்டதில்லை. திருவள்ளுவர் புலான்மறுத்தலைத் துறவறவியலிலே வைத்தார். அதற்கு முன் அருளுடைமையை வைத்தார். அதிகார முறைமை ஊன்றி நோக்கத்தக்கது. அருளிலிருந்து பிறப்பது புலான்மறுத்தல். அதன் பெயரால் வாயில்லாப் பிராணி ஒன்றன் கண்ணைக் கெடுப்பது முறைமையைத் தலைகீழாக்குவதாம்.

ஆகவே பூனை வளர்க்கும் சைவ வீட்டார் செய்யத்தக்கது இது. பூனைக்கு வேறு சட்டியும் வேறு கோப்பையும் வைத்து, விறாந்தைப் புறத்திலே மீனை அவித்துக் கொடுக்கலாம். டோரின் நீரிலே கரைவதாதலின் அவித்த நீரையும் மீனோடு சேர்த்தே கொடுத்தல் வேண்டும். அதுவும் மனங்கொள்ளாதாயின், டோரின் சேர்த்துப் பூனைக்கென்றே ஆக்கிய உணவு கடைகளிலே உண்டு. நாயுணவு இதற்கு உதவாது. டோரினை ஆலைகளிலே செயற்கையாகவும் ஆக்குகின்றனர். ஆயினும் உயிர்ச்சத்து ஏ முதலிய பிறவற்றுக்கும் பூனை ஊனையே நம்பியிருத்தலின், அஃதொன்றைப் பாற்சோற்றிலே கலந்துவிட்டு அமைதியடைய இயலாது. மிருக வைத்தியரைக் கேட்டே செய்தல் வேண்டும். இவை எவற்றுக்கும் இசையாதவர் பூனையை இசைவோர் வீட்டிலே சேர்த்துவிடுதல் நன்று. அதிலே இழுக்கொன்றும் இல்லை.

உணவைத் திருத்துவதோடு கண்ணையும் பார்த்துவருதல் வேண்டும். கிழமைக்கு ஒருமுறை, நல்ல வெளிச்சத்திலே, பூனையைச் சாளரத்தருகே மடியில் வைத்துப் பாருங்கள். கண்மணி இழையாக ஒடுங்குகிறதா? இரண்டும் ஒத்திருக்கின்றனவா? பிள்ளைகளுக்கும் இதனைப் பழக்கிவிடுங்கள். அவர்கள் நம்மிலும் கூர்ந்து பார்ப்பார்கள்.