நடுநிலைப் பள்ளியின் தகுதியை அளக்குமாறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டு மூதுரை. அடுக்களையில் இவ்வுரைக்கு மறுப்பில்லை. அரிசி ஒன்று, உலை ஒன்று, தீயும் ஒன்று. ஆதலின் ஒரு பருக்கை வெந்தது கண்டு எல்லாம் வெந்தன என்று கொள்ளலாம். ஆயின் பள்ளிக்கூடம் பானையன்று. பிள்ளைகளும் ஒரே அரிசியல்லர். அங்ஙனமிருந்தும், ஒரு பள்ளியின் தகுதியைக் கணிக்கப் புகும்போது நம்மவருட் பெரும்பாலோர் இச்சோற்று முறையையே கையாளுகின்றனர். பரிசு பெற்ற மாணாக்கன் ஒருவனைக் காட்டி, "நல்ல பள்ளி" என்பர். விரிசல் கண்ட சுவர் ஒன்றைக் காட்டி, "இப்பள்ளி ஆகாது" என்பர். இரண்டும் அவசரத் தீர்ப்பே.

இவ்வவசரம் பிறர்பால் மட்டும் உளதென்று கூற நாம் வரவில்லை. நாமே இப்பிழையைச் செய்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் விடுதியில் தோட்டவேலை செய்யும் அன்பர் ஒருவர் வந்து, "ஐயா, மகள் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலேயே ஆறாவதும் படிக்கட்டுமா? கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிடட்டுமா? ஐயா சொன்னால் சரி" என்றார். அப்பள்ளியினுள் நாம் ஒருநாளும் அடிவைத்தவரல்லோம். வழிச்செல்லுங்கால் சுண்ணாம்பு உதிர்ந்த மதிலைக் கண்டிருந்தோம். அதுவே நம் அறிவின் எல்லை. அவ்வளவு கொண்டு, "தனியார் பள்ளியே நன்று" என்று விடையிறுத்தோம். அவர் கடன்பட்டு மகளை அங்கே சேர்த்தார்.

இச்சிறு சொல்லால் விளைந்தது சிறிதன்று. அரசுப் பள்ளியில் 6 ஆம் வகுப்பு முதல் 12 ஆம் வகுப்பு வரை பயின்ற மாணாக்கர்க்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காட்டை ஒதுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 2020 இல் இயற்றப்பட்டது. 2021 இல் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு நீட்டிக்கப்பட்டது. அவ்வாறே பயின்று உயர்கல்விக்கு வரும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022 இல் தொடங்கிற்று. ஆறாம் வகுப்பிலே பள்ளி மாறிய அப்பெண்ணுக்கு இக்கதவுகள் யாவும் அடைபட்டன. தந்தைக்கோ கடன் எஞ்சிற்று. ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இடையே எடுக்கப்படும் முடிவு எத்துணைக் கனமுடையது என்பதற்கு இஃதொன்றே போதும்.

ஈராண்டு கழிந்தபின் நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அவ்வூரிலேயே அமைந்தது. பள்ளி நடைபெறும் வேளையில் ஏழுநாளும் அங்கிருக்கும் வாய்ப்புப் பெற்றோம். ஏழாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் வைத்திருந்த குறிப்பேடு நம் கருத்தைக் கவர்ந்தது. அதிற் பிள்ளைக்கு ஒரு பக்கம். சூன் திங்களில் எதை வாசிக்க இயலாதிருந்தான், எந்நாளில் அதை வாசித்தான் என்பது தேதியுடன் எழுதப்பட்டிருந்தது. பெற்றோருடன் செங்கற்சூளைக்குச் சென்று ஐந்து திங்கள் கழித்துத் திரும்பிய சிறுவன் ஒருவனைக் கடைசிப் பலகையிற் கண்டோம். மதிய உணவு முடிந்ததும் உடன் பயிலும் இருவர் அவனை வேப்பமர நிழலில் அமர்த்தி, விட்டுப்போன பாடத்தை வாசிப்பித்தனர். அப்பள்ளியையா ஆகாதென்றோம் என்று நாணினோம்.

நிற்க. அங்கே கண்டன யாவும் நல்லனவே என்று கூறின் அதுவும் ஒரு சோற்றுப் பதமேயாகும். அப்பள்ளியிற் கணக்கு ஆசிரியர் பணியிடம் நெடுநாளாக வெற்றிடமாயிருந்தது. எட்டாம் வகுப்பினர் பின்னங்களைக் கூட்டுதற்கு இடர்ப்பட்டனர். ஆகவே அப்பள்ளி நன்றோ தீதோ என்று ஒரு சொல்லில் விடையிறுத்தல் இயலாது. எங்கே நன்று, எங்கே குறைவு, குறைவுக்குக் காரணம் யாது என்று பகுத்துரைப்பதே தீர்ப்பாகும்.

தேர்ச்சி எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால் என்னை என்று சிலர் வினவலாம். இவ்வளவுகோல் புதிதன்று. இங்கிலாந்தில் 1862 இல் இராபர்ட் லோ என்பாரது முயற்சியால் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளைகள் எத்துணைப் பேர் தேறுகின்றனரோ அத்துணைக்கேற்பவே பள்ளிக்கு அரசுப் பணத்தின் பெரும்பகுதி கிட்டும். சென்னை மாகாணத்திலும் இம்முறை வழங்கிற்று. விளைவு யாது? சோதனை அதிகாரி வருமுன் வாசகப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். எழுத்தறியாச் சிறுவனும் புத்தகத்தை விரித்துப் பிடித்துத் தடையின்றி ஒப்பித்தான். கவிஞரும் பள்ளி ஆய்வாளருமாகிய மாத்யூ ஆர்னால்டு இம்முறையைத் தம் அறிக்கைகளில் வன்மையாகக் கண்டித்தார். எதனை அளந்து கூலி கொடுக்கின்றோமோ அதுவே பள்ளியில் விளையும். அளவாத யாவும் வாடும் என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

இதனால் அளத்தலே கூடாது என்பது நம் கருத்தன்று. அளக்கும் வகையே ஆராயத்தக்கது. 2005 முதல் பிரதம் என்னும் அமைப்பினர் சிற்றூர்களில் நடத்திவரும் கணக்கெடுப்பு ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவர்கள் பள்ளியிலன்றி வீட்டு வாயிலிலேயே பிள்ளையைக் காண்கின்றனர். எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என நான்கு படிகளைக் கொண்ட தாளை நீட்டி வாசிக்கச் சொல்கின்றனர். கடன் வாங்கிக் கழித்தல், ஓரிலக்க எண்ணால் வகுத்தல் ஆகிய கணக்குகளைத் தருகின்றனர். முன்கூட்டிப் பயிற்றி வைக்க அங்கு இடமில்லை. காணாத பக்கத்தைப் பிள்ளை வாசிக்கின்றதா என்பதே கேள்வி. இவ்வெளிய சோதனையை எந்தத் தந்தையும் தாயும் தம் வீட்டிலேயே செய்து பார்த்தல் கூடும்.

நடுநிலை வகுப்புகளுக்கு இஃது இன்றியமையாததாதற்குக் காரணமுண்டு. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் வாசித்துக் கற்கவேண்டும். அறிவியலும் வரலாறும் கனத்து வருகின்றன. எண்களுக்குப் பதில் எழுத்துகள் நிற்கும் இயற்கணிதம் தலைகாட்டுகின்றது. வாசிப்பில் தளர்ந்த பிள்ளைக்கு அன்று முதல் எல்லாப் பாடமும் சுவராகி நிற்கும். இச்சுவரின் முன் மூன்றாண்டு வாயடைத்து அமர்ந்தவனே ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு மறைகின்றான். ஆதலின் எட்டாம் வகுப்பு முடித்தவர் எத்துணைப் பேர் அயலூர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதிற் சேர்ந்தனர், சேர்ந்தவர் அங்கே எவ்வாறு இருக்கின்றனர் என்று விசாரிப்பது நடுநிலைப் பள்ளியை அளக்கும் மெய்யான கோல்களுள் ஒன்றாம்.

மற்றொரு நீதியும் உண்டு. அரசுப் பள்ளி எப்பிள்ளையையும் வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்புவதில்லை. சூளையிலிருந்து வந்தவனும், கரும்பு வெட்டச் சென்று திரும்பியவளும், வீட்டில் ஒரு புத்தகமும் காணாதவரும் அங்கே இடம்பெறுகின்றனர். மாலைதோறும் தனிப்பாடத்துக்குச் செல்லும் எழுத்தரின் மகனோடு இவர்களை ஒரே தராசில் நிறுத்தி, எவனுக்கு மதிப்பெண் மிகுதி என்று கேட்பது முறையன்று. பிள்ளை எந்நிலையில் வந்தது, எந்நிலையிற் சென்றது என்னும் இடைவெளியே பள்ளியின் உழைப்பு. முப்பதில் வந்தவனை அறுபதுக்கு உயர்த்திய பள்ளி, எண்பதில் வந்தவனை எண்பத்தைந்தில் அனுப்பிய பள்ளியினும் மேலானதே.

ஆயினும் இந்நீதியைச் சாக்காக்குவோரும் உளர். "ஏழை வீட்டுப் பிள்ளைகள், இவர்களிடம் இவ்வளவே எதிர்பார்க்கலாம்" என்று ஆசிரியர் அறையிற் கூறப்படும் சொல்லை நாம் ஒப்புக்கொள்ளோம். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஏழைக்கொரு பள்ளி, செல்வனுக்கொரு பள்ளி என்று பிரித்துக் கூறவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரேனும் வேண்டும். அறிவியலும் கணக்கும், சமூகவியல், மொழிகள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர் வேண்டும். ஆண்டில் 220 நாள் பள்ளி நடைபெறல் வேண்டும். நூலகமும், குடிநீரும், ஆண் பெண் இருபாலார்க்கும் தனித்தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று அது விதித்துள்ளது. இவை கருணையாற் கேட்பன அல்ல, உரிமையாற் கேட்பன.

ஆகவே பள்ளியை அளக்க விரும்புவோர்க்கு நாம் கூறுவது இது: விழா நாளிற் செல்லற்க, சாதாரணச் செவ்வாய்க்கிழமையிற் செல்க. முன் வரிசையிலன்றிக் கடைசிப் பலகையில் அமர்க. ஆசிரியர் வினவும்போது கை உயர்த்தும் ஐவரை விடுத்து, உயர்த்தாத இருபதின்மரின் முகத்தை நோக்குக. பிள்ளையின் பயிற்சி ஏட்டைப் புரட்டுக; சிவப்பு மையிற் குறியீடு மட்டுமே உளதா, பிழை சுட்டப்பட்டுப் பிள்ளை அதனைத் திருத்தி மீண்டும் எழுதியிருக்கின்றதா என்று காண்க. நூலக அலமாரியிற் புத்தகங்கள் புதுமெருகு கலையாதிருப்பின் மகிழாதீர். ஓரம் மடிந்து அழுக்கேறிய புத்தகமே வாசிக்கப்பட்ட புத்தகம். கழிப்பறையிற் குழாயைத் திருகிப் பார்க்க. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை திங்கள்தோறும் மூன்றுநாள் வாராதிருப்பதன் காரணம் வருகைப் பதிவேட்டில் எழுதப்படுவதில்லை, அக்குழாயில் எழுதப்பட்டிருக்கும்.

சென்ற கோடையில் அத்தோட்டக்கார அன்பர் மீண்டும் வந்தார். இம்முறை மகனைப் பற்றிய வினா. நாம் விடை கூறவில்லை. "நாளை போய்ப் பார்ப்போம்" என்றோம். இருவருமாய்ச் சென்று ஒருநாள் முழுதும் அப்பள்ளியில் இருந்தோம். நாம் கேட்க மறந்த கேள்வியை அவரே தலைமையாசிரியரிடம் கேட்டார்: "கணக்கு வாத்தியார் எப்போது வருவார்?" அவரிடம் விடையில்லை. எனினும் அன்பர் மகனை அங்கேயே சேர்த்தார். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கிற் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. அக்குழுவில் இன்று அவர் ஓர் உறுப்பினர். கணக்கு ஆசிரியரை வேண்டி மாவட்டக் கல்வி அலுவலர்க்கு அனுப்பிய விண்ணப்பத்தில் முதற் கையொப்பம் அவருடையது.

மாணாக்கர்காள்! உங்களுட் பலர் நாளை ஆசிரியராவீர், சிலர் அதிகாரிகளாவீர், பெரும்பாலோர் தாய் தந்தையராவீர். ஒரு நாள் எவரேனும் ஒருவர் உங்கள்முன் நின்று, எப்பள்ளியிற் சேர்ப்பது என்று கேட்பார். அவ்வமயம் மதிலைக் கண்டு விடை கூறற்க. அவருடன் எழுந்து செல்க. கடைசிப் பலகையில் அமர்க. குறை கண்டவிடத்துக் கையொப்பமிடுக.