அம்மா அனுப்பிய ஒன்றரை லட்சம்

போன வாரம் இந்தப் பக்கம் தலைகாட்டல. தீசிஸ் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய தலைவலி வீட்டுல. புலம்பிடறேன், கேளுங்க.

புதுசா வந்தவங்களுக்கு: நான் படிக்கிறது சிங்கப்பூர்ல, வீடு டாலாவுல. யாங்கோன் நகரத்துக்கு எதிர்க்கரை. பான்சோடான் துறையில ஜப்பான்காரங்க குடுத்த செர்ரி படகுல ஏறினா பத்து நிமிஷத்துல டாலா. அம்மா டாலாவுல, மாமா நகரத்துப் பக்கம்.

போன வாரம் மாமாவோட பேஸ்புக்ல இருந்து அம்மாவுக்கு ஒரு மெசேஜ். "ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரம், இந்த நம்பருக்குப் பணம் போடு." அம்மா பதறிப்போய் ஒன்றரை லட்சம் கியாட் போட்டுட்டாங்க. அப்புறம்தான் படகு ஏறிப் பார்க்கப் போனாங்க. மாமா வாசல்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தாராம்!

நடந்தது இதுதான். முதல் நாள் மாமாவுக்கு ஒரு நண்பர் பேர்ல மெசேஜ் வந்திருக்கு. "உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்க எண் தவறி வந்துடுச்சு, அனுப்புங்க." மனுஷன் அனுப்பிட்டார். கணக்கு போச்சு. அம்மா சொன்னதுதான் மனசுல நிக்குது: "அண்ணன் எப்பவும் வாய்ஸ்தான்டா அனுப்பும், டைப் பண்ணவே பண்ணாது. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்."

சரி, கணக்கை மீட்கலாம்னு இங்கிருந்து உக்காந்தேன். மீட்பு மெயில் எங்க யாருக்குமே தெரியாத முகவரி. மாமாகிட்ட கேட்டா, "போன் வாங்குன கடைப் பையன் போட்டுக் குடுத்தான்டா. பாஸ்வேர்டும் அவன்தான் எழுதிக் குடுத்தான்."

சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல. 2014க்கு முன்னாடி பர்மாவுல ஒரு சிம் கார்டு லட்சக்கணக்குல வித்துச்சு. அந்த வருஷம் ஊரிடூவும் டெலிநாரும் 1,500 கியாட்டுக்கு சிம் கொண்டுவந்தாங்க. கம்ப்யூட்டர், ஈமெயில்னு படிப்படியா ஏறாம ஜனங்க நேரா பேஸ்புக்ல குதிச்சாங்க. கணக்கு தொடங்கிக் குடுக்கிறது கடைக்காரர் வேலை. பூட்டும் சாவியும் ஒருத்தர்கிட்டயே இருக்குன்னு யாரும் சொல்லிக் குடுக்கல. மாமாவைத் திட்டி என்ன புண்ணியம்?

"தெரியாத ஆப் எதையும் ஏத்தாதீங்க"ன்னு நாம சுலபமா எழுதிடுவோம். 2021 பிப்ரவரி 1ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது, மூணாம் நாளே பேஸ்புக்கை முடக்கினாங்க. அப்ப இருந்து விபிஎன்தான் கதி. இலவச விபிஎன்னை நடத்துறவன் யாரு, எதைப் பார்க்கிறான்னு தெரியாது. 2025 ஜனவரி 1ல வந்த சைபர் சட்டத்துல, அனுமதியில்லாம விபிஎன் சேவை நடத்தினா சிறைன்னு இருக்கு. வழியில போனை வாங்கிப் பார்க்கிறதும் நடக்குது.

இங்கதான் எனக்கு உறைச்சுது. நான் பாட்டுக்கு இங்க ஹாஸ்டல்ல உக்காந்து கண்ட வீடியோவையும் குடும்ப குரூப்ல தட்டிவிடறேன். அது அம்மா போன் கேலரில தானா இறங்கி உக்காந்துக்குது. அதோட படகு ஏறுறது அம்மா. அனுப்புறது நான், மாட்டுறது அவங்க.

தீசிஸும் அப்படித்தான். டாலா படகுத்துறைப் பக்கம் பண்டம் விக்கிற 11 பெண்கள்கிட்ட பேட்டி எடுத்திருந்தேன். பேரு, போன் நம்பர், போட்டோ எல்லாம் லேப்டாப்ல ஒரே போல்டர்ல திறந்தே கிடந்துச்சு. அந்த அக்காமாருங்க என்னை நம்பிப் பேசினவங்க. ராத்திரியோட ராத்திரியா பேரை எடுத்துட்டு எண் போட்டேன். பேர்ப் பட்டியல் தனியா, பூட்டோட. போட்டோவை அழிச்சாச்சு.

"நாமெல்லாம் படிச்சவங்க, ஏமாற மாட்டோம்"னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2022 செப்டம்பர்ல இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிச்சதே ஐடி தெரிஞ்ச இளைஞர்களைத்தான். தாய்லாந்துல வேலைன்னு கூட்டிட்டுப் போய், மியாவடி பக்கம் அடைச்சு வச்சு, அவங்களையே இணைய மோசடி செய்ய வச்சாங்க. அக்டோபர்ல 13 தமிழர்கள் மீட்கப்பட்டு சென்னை வந்தாங்க. 2025 மார்ச் 10 அன்னிக்கு மட்டும் 283 இந்தியர்களை விமானத்துல கொண்டுவந்தாங்க. அதனால பயோடேட்டாவும் பாஸ்போர்ட் நகலும் அனுப்புறதுக்கு முன்னாடி, கேக்குறது யாருன்னு வேற வழியில விசாரிங்க.

டாலாவுல கோடையில குளத்துத் தண்ணிக்கு வரிசை நிக்கிறது வழக்கம். ஒருத்தன் கால் கழுவினா ஊரே கலங்கல் குடிக்கணும். போனும் அப்படித்தான்னு இப்பத்தான் புரியுது. என் பாஸ்வேர்டு என்னோட போகல.

வீட்டுல இப்ப செஞ்சிருக்கிறது:

1. எல்லார் கணக்கும் அவங்கவங்க சொந்த மெயில்ல. ரெண்டடுக்குப் பூட்டு போட்டாச்சு.

2. போனுக்கு வர்ற எண்ணை எனக்குக்கூட சொல்லக்கூடாது.

3. குரூப்ல வீடியோ தானா இறங்காது. செய்தி ஒரு நாள்ல மறைஞ்சிடும்.

4. பணம் கேட்டா, முதல்ல கூப்பிட்டுப் பேசணும். குரலைக்கூட இப்ப போலி பண்றாங்க, அதனால வீட்டுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கேள்வி.

நேத்து சோதிச்சுப் பார்க்கலாம்னு, "அம்மா, செலவுக்குக் கொஞ்சம் பணம் போடுங்க"ன்னு கேட்டேன். அம்மா உடனே கேள்வியைக் கேட்டாங்க. பதில் எனக்கு மறந்து போச்சு! "போடா, யாருடா நீ"ன்னு கட் பண்ணிட்டாங்க :-))

அந்த ஒன்றரை லட்சம் வரல, வரவும் வராது. ஆனா அந்த கட் ஆன சத்தத்துல எனக்கு ஒரு நிம்மதி.

பி.கு.: கேள்வி என்னன்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். உங்க வீட்டுல மாமாவோட மீட்பு மெயில் யாருதுன்னு போய்ப் பாருங்க மொதல்ல.