மைதானத்தின் உள்ளே மருத்துவம், வாசலுக்கு வெளியே மக்கள்

2017 அக்டோபர் 28 இரவு. கொல்கத்தா சால்ட் லேக் விவேகானந்தா யுவபாரதி மைதானத்தில் 66,000க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் முன்னிலையில் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் நடந்தது. இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த இங்கிலாந்து, ஸ்பெயினை 5-2 என்ற கணக்கில் வீழ்த்தியது. இந்தியா முதன்முறையாக நடத்திய ஃபிஃபா போட்டி அது. ஆடுகளத்தின் ஓரத்தில் மருத்துவர்கள், இதயத் துடிப்பை மீட்கும் கருவி, ஸ்ட்ரெச்சர், வாசலில் ஆம்புலன்ஸ், முன்கூட்டியே குறிக்கப்பட்ட மருத்துவமனை ஆகியவை இல்லாமல் இத்தகைய ஆட்டம் தொடங்கவே முடியாது. சர்வதேச விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன.

அதே நகரத்தின் தெற்கே கரியாஹாட் உள்ளது. நடைபாதையில் சேலையும் குழந்தைகளின் உடுப்பும் பாத்திரமும் விற்று வாழும் பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பிடம் அது. அங்கே ஒரு வியாபாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், அவரது கடையோரத்தில் கருவியோடு காத்திருக்கும் மருத்துவர் எவரும் இல்லை. ஆட்டோவோ டாக்சியோ பிடித்து, நெரிசலைக் கடந்து அரசு மருத்துவமனையை அடைய வேண்டும். அருகிலுள்ள தனியார் மருத்துவமனைக்குச் சென்றால் முன்பணம் எவ்வளவு என்ற கேள்வி முதலில் வரும்.

90 நிமிட ஆட்டத்துக்குச் சாத்தியமாகும் மருத்துவப் பாதுகாப்பு, அந்த நகரத்தை நாள்தோறும் இயக்கும் உழைப்பாளிகளுக்கு ஏன் சாத்தியமாவதில்லை? 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டுவிட்டது. 2036 ஒலிம்பிக்கையும் கொண்டுவருவோம் என்று ஒன்றிய ஆட்சியாளர்கள் முழங்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சூழலில் மேற்கண்ட கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

தேவையா, விளம்பரமா?

விளையாட்டு மைதானத்தில் மருத்துவ ஏற்பாடு ஆடம்பரம் அல்ல. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் யூரோ கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று சரிந்தார். களத்திலேயே நெஞ்சழுத்த முதலுதவி அளிக்கப்பட்டது. மின்னதிர்வுக் கருவி அவர் உயிரை மீட்டது. மைதானத்துக்கு மிக அருகிலுள்ள ரிக்ஸ்ஹாஸ்பிட்டலெட் என்ற பொது மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். பின்னர் மீண்டும் களமிறங்கினார்.

2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் நடந்தது வேறு. ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கு எதிராகக் கோல் அடித்தபோது கோல்கீப்பருடன் மோதி விழுந்தார். அவர் எழவேயில்லை. மைதானத்தில் போதுமான அவசர மருத்துவ வசதி இல்லை என்ற குற்றச்சாட்டு நாடு முழுவதும் எழுந்தது. ஆகவே களத்தில் மருத்துவர் நிற்பதை எந்த இடதுசாரியும் எதிர்க்கப் போவதில்லை. அந்தப் பொறுப்பு யாரிடம், எந்த நிபந்தனையில் ஒப்படைக்கப்படுகிறது என்பதுதான் பிரச்சனை.

இன்று பெரிய போட்டிகள் வரும்போதெல்லாம் ஏதேனும் ஒரு கார்ப்பரேட் மருத்துவமனை 'மருத்துவப் பங்குதாரர்' என்று அறிவிக்கப்படுவது வாடிக்கையாகிவிட்டது. வீரர்களோடு மருத்துவர்கள் நிற்கும் படங்கள் வெளியாகின்றன. மருத்துவமனையின் சின்னம் பதாகைகளில் ஏறுகிறது. 'உலகத்தரம்' என்ற சொல்லுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. போட்டி முடிந்தபின் அந்தச் சான்றிதழ், சிகிச்சைக் கட்டணத்தை உயர்த்தவும் வெளிநாட்டு நோயாளிகளை ஈர்க்கவும் பயன்படுகிறது. சில நாள் சேவை, பல ஆண்டு விளம்பரமாக மாறுகிறது. நெரிசலோ விபத்தோ நேர்ந்து நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தால் அந்தச் சுமை எங்கே விழும் என்பது மட்டும் பேசப்படுவதில்லை.

கரியாஹாட் சாலை சொல்லும் பாடம்

'உலகத்தரம்' என்ற சொல்லின் உள்ளடக்கத்தை கரியாஹாட் சாலை ஏற்கனவே பார்த்துவிட்டது. அச்சாலையின் தாக்குரியா பகுதியில் உள்ள ஏஎம்ஆர்ஐ மருத்துவமனை, மாநில அரசும் தனியார் குழுமங்களும் சேர்ந்த கூட்டு முயற்சியாக 1990களில் உருவானது. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் அதன் அடித்தளத்தில் தீப்பற்றியது. வாகனம் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருட்கள் குவிக்கப்பட்டிருந்தன. குளிரூட்டும் குழாய்கள் வழியாகப் புகை மேல் மாடிகளுக்கு ஏறியது. படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகள் மூச்சுத் திணறி மாண்டனர். சுமார் 90 உயிர்கள் பறிபோயின. நோயாளிகளைக் காப்பாற்ற முயன்ற கேரளத்தைச் சேர்ந்த இரண்டு இளம் செவிலியர்களும் அவர்களில் அடங்குவர்.

அன்று புகையை முதலில் பார்த்தவர்கள், மருத்துவமனையை ஒட்டிய பஞ்சானன்தலா குடிசைப் பகுதி இளைஞர்கள். உதவ ஓடிவந்த அவர்களைக் காவலாளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பினர் என்று அப்போதே செய்திகள் வெளிவந்தன. ஆனாலும் அவர்கள் போய்விடவில்லை. மூங்கிலும் கயிறும் கொண்டு ஏறி, கண்ணாடிகளை உடைத்து, நோயாளிகளைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். அந்த மருத்துவமனையில் ஒரு நாள் படுக்கைக் கட்டணம்கூடக் கட்ட இயலாதவர்களே அன்று மீட்புப் படையாக நின்றார்கள்.

பொதுச் சொத்தைத் தனியாரோடு பங்கிட்டால் தரம் உயரும், ஏழைகளுக்கும் இடம் கிடைக்கும் என்று சொல்லித்தான் இத்தகைய கூட்டு முயற்சிகள் தொடங்கப்படுகின்றன. நாளடைவில் அரசின் பங்கு சுருங்கி, கட்டுப்பாடு முழுவதும் மூலதனத்தின் கைக்குப் போகிறது. 2023இல் ஏஎம்ஆர்ஐ குழுமத்தின் 84 சதவீதப் பங்குகளை மணிப்பால் குழுமம் வாங்கியது. மருத்துவமனைகள் பங்குச் சந்தைச் சரக்குகளாகக் கைமாறுகின்றன. நோயாளிக்கோ செவிலியருக்கோ அந்தப் பேரத்தில் எந்தக் குரலும் இல்லை.

ஒரே ஆண்டு, மூன்று காட்சிகள்

2017ஆம் ஆண்டை மீண்டும் எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. அவ்வாண்டின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் தனியார் மருத்துவமனைகளின் கட்டணக் கொள்ளைக்கு எதிராக மக்கள் கொதித்தெழுந்தனர். முதலமைச்சர் மம்தா பானர்ஜி மருத்துவமனை நிர்வாகங்களை அழைத்துப் பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டியதாயிற்று. மார்ச் மாதம் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் எழுதப்பட்டதே நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம்தான்.

அதே ஆண்டு உலகக் கோப்பையை முன்னிட்டு 'நகரை அழகுபடுத்துதல்' என்ற பெயரில் சால்ட் லேக் மைதானத்தைச் சுற்றியிருந்த நடைபாதை வியாபாரிகளும் குடிசைவாசிகளும் அப்புறப்படுத்தப்பட்டனர். உலகின் கண்ணுக்கு வறுமை தெரியக்கூடாது என்பதே ஆட்சியாளர்களின் கவலை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின்போதும் இதுவே நடந்தது. மைதானங்களைக் கட்டிய தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் முறையான இருப்பிடமும் மறுக்கப்பட்டதை உயர்நீதிமன்றம் அமைத்த குழுவே பதிவு செய்தது.

கரியாஹாட் வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் கொல்கத்தா நடைபாதைக் கடைகள் ஒரே இரவில் இடித்துத் தள்ளப்பட்டன. அப்போது ஆண்டது இடது முன்னணி அரசு. அந்தத் தவறை நேர்மையாக ஒப்புக்கொள்ளாமல் இன்றைய வெளியேற்றங்களை எதிர்க்கும் தார்மீக வலிமை எந்த இடதுசாரிக்கும் வராது. 2024 ஜூனில் திரிணாமூல் அரசும் அதே புல்டோசர் வழியில் இறங்கி, எதிர்ப்பு வலுத்தபின் கணக்கெடுப்பு என்று பின்வாங்கியது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் கோரும் நகர விற்பனைக் குழுக்கள் பல நகரங்களில் இன்றும் காகிதத்தில்தான் உள்ளன.

மூன்றாவது காட்சி சென்னையில். உலகக் கோப்பை இறுதியாட்டம் முடிந்து ஒரு மாதத்தில், 2017 நவம்பர் இறுதியில், ஒப்பந்தச் செவிலியர்கள் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தை நிரப்பினர். தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்த அவர்களுக்கு அப்போது கிடைத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். கொல்கத்தாவில் வியாபாரியின் கடையும் சென்னையில் செவிலியரின் வேலையும் ஒரே கொள்கையின் பலியாக நின்றன.

உலகம் காட்டும் வழிகள்

2012 லண்டன் ஒலிம்பிக்கில் வீரர்களுக்கான மருத்துவமனையாகக் குறிக்கப்பட்டது, கிழக்கு லண்டனின் உழைக்கும் மக்கள் வாழும் பகுதியிலுள்ள ஹோமர்ட்டன் பொது மருத்துவமனை. தொடக்க விழாவில் தேசிய சுகாதார சேவையின் செவிலியர்களும் ஊழியர்களும் அரங்கின் நடுவே ஆடி, அந்த அமைப்பை உலகுக்குப் பெருமையோடு காட்டினார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் கன்சர்வேட்டிவ் கூட்டணி அரசு அந்தச் சேவையைத் தனியார் போட்டிக்கு மேலும் திறந்துவிடும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. விழா மேடையில் செவிலியருக்குக் கைதட்டல், நாடாளுமன்றத்தில் அவருடைய மருத்துவமனைக்கு வெட்டு. முதலாளித்துவ அரசின் இரட்டை வேடத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

டோக்கியோ இன்னொரு பாடம். 2021இல் கொரோனா அலை நடுவே, ஒலிம்பிக்குக்காக 500 செவிலியர்களை அனுப்புமாறு ஏற்பாட்டுக் குழு கேட்டது. ஜப்பான் மருத்துவத் தொழிலாளர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. சமூக ஊடகங்களில் இலட்சக்கணக்கில் கண்டனப் பதிவுகள் குவிந்தன. தச்சிகாவாவில் ஒரு மருத்துவமனை, 'மருத்துவம் எல்லையைத் தொட்டுவிட்டது, ஒலிம்பிக்கை நிறுத்துங்கள்' என்ற பொருளில் ஜன்னல்களில் பெரிய எழுத்துகளில் ஒட்டியது. போட்டி நடந்தது. எனினும் விளையாட்டு மூலதனத்தின் கால அட்டவணைக்கு முன்னால் நோயாளியின் உயிர் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பதை அந்த ஜன்னல்கள் உலகுக்குக் காட்டிவிட்டன.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டி டெல்லி சஃப்தர்ஜங் அரசு மருத்துவமனையில் விளையாட்டுக் காயங்களுக்கான மையம் திறக்கப்பட்டது. போட்டி முடிந்தது, மையம் நிலைத்தது. இன்று மூட்டு கிழிந்த கபடி வீரரும் தோள் எலும்பு முறிந்த தொழிலாளியும் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். முறைகேடுகளால் நாறிய அந்தப் போட்டியில் மக்களுக்கு மிஞ்சிய உருப்படியான சிலவற்றில் அது ஒன்று.

பேரிடர் வரும்போது யார் கதவு திறக்கும்?

1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் கிழக்கு வங்காளம் – மோகன் பகான் ஆட்டத்தின்போது நெரிசலில் 16 ரசிகர்கள் மாண்டனர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர் நெரிசலில் உயிரிழந்தனர். வெளியே மனிதர்கள் மிதிபட்டுக் கொண்டிருக்க, உள்ளே பாராட்டு நிகழ்ச்சி நடந்தது. காயமடைந்தோரில் பலர் கொண்டுசெல்லப்பட்ட இடங்களில் ஒன்று பௌரிங் அரசு மருத்துவமனை. கூட்டத்தின் பணத்தை எடுத்துக்கொண்டவர்கள் கூட்டத்தின் உயிருக்குப் பொறுப்பேற்கவில்லை. பொறுப்பேற்றது, ஆள் பற்றாக்குறையோடு தள்ளாடும் பொது மருத்துவமனை.

அந்தப் பொது மருத்துவமனைக்கு அரசு செலவிடுவது எவ்வளவு? 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி ஒன்றிய, மாநில அரசுகளின் மொத்தச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025க்குள் 2.5 சதவீதம் என்று வாக்களித்தது மோடி அரசின் 2017 சுகாதாரக் கொள்கை. 2021-22இல் நாட்டின் மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சட்டைப்பையிலிருந்து நேரடியாகப் போனது.

இரு கொடிகள், ஒரு கோரிக்கை

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 18 அன்று சால்ட் லேக்கில் நடக்கவிருந்த டுராண்ட் கோப்பை மோகன் பகான் – கிழக்கு வங்காளம் ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. ஆட்டத்தை ரத்து செய்தால் குரலையும் ரத்து செய்யலாம் என்று அரசு கருதியது. நூறாண்டு காலமாக ஒருவரையொருவர் எதிரியாகப் பார்த்த இரு அணிகளின் ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்து, காவல்துறையின் தடியடியையும் மீறி, மருத்துவருக்கு நீதி கேட்டு மைதானத்துக்கு வெளியே திரண்டனர். மருத்துவமனையும் மைதானமும் உண்மையில் சந்தித்த இடம் அதுவே. அங்கே எந்த விளம்பரதாரரும் இல்லை.

அந்த ஒற்றுமையிலிருந்தே கோரிக்கைகள் எழ வேண்டும். சர்வதேசப் போட்டி நடக்கும் ஒவ்வொரு நகரிலும் அரசு மருத்துவமனையே முதன்மை மருத்துவமனையாகக் குறிக்கப்பட வேண்டும். போட்டி வருவாயிலிருந்து அதன் அவசரச் சிகிச்சைப் பிரிவு நிரந்தரமாக விரிவாக்கப்பட வேண்டும். தனியார் மருத்துவமனைகள் பங்கேற்றால் ஒப்பந்தம் முழுவதும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். தீயணைப்பு, கட்டணத் தணிக்கைக்கு உட்படாத நிறுவனத்துக்கு இடமில்லை என்று விதி செய்ய வேண்டும். பணியமர்த்தப்படும் செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் அனைவருக்கும் நிரந்தரப் பணியும் உரிய ஊதியமும் வேண்டும். போட்டியைக் காரணம் காட்டி ஒரு நடைபாதை வியாபாரியும் அகற்றப்படக் கூடாது.

சதுரங்க ஒலிம்பியாடை மாமல்லபுரத்திலும், ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியைச் சென்னையிலும் மதுரையிலும் நடத்திய தமிழகத்திலும் இக்கோரிக்கைகள் பொருந்தும். நாளை அகமதாபாத்தில் மைதானங்கள் எழும்பும்போது அங்குள்ள குடிசைவாசிகளும் சுகாதார ஊழியர்களும் தனித்து விடப்படக் கூடாது. விளையாட்டு ரசிகர், செவிலியர், நடைபாதை வியாபாரி ஆகிய மூவரையும் ஒரே அணியில் திரட்டுவது கட்சி அமைப்புகளின் உடனடிப் பணியாகும்.